காதில் இருந்த பீடி

பதினோராம் வகுப்பு வேதியியலில் வெப்பத்தைப் பற்றி ஒரு பாடம் இருக்கிறது. எந்த வினை வெப்பத்தை வெளியே விடும், எது உள்ளே வாங்கும் என்று சொல்கிற பாடம். அதை நடத்துகிற வாரம் என் வகுப்பில் சத்தமே இருக்காது. மிஸ்ஸுக்கு அந்தப் பாடம் வந்தால் கோபம் பொத்துக்கொண்டு வரும் என்று மேல் வகுப்புப் பிள்ளைகள் சொல்லிவைத்திருப்பார்கள். பொய் இல்லை. சுண்ணாம்பில் தண்ணீர் விட்டால் கொதிக்கிறது, கையில் ஸ்பிரிட் தடவினால் சில்லென்று இருக்கிறது என்பது வரைக்கும் ஒழுங்காகத்தான் நடத்துவேன். எது பற்றுவதற்கும் முதலில் ஒரு சின்ன உந்துதல் வேண்டும், தீக்குச்சியை உரசுகிறோமே அந்த மாதிரி, அதற்குக் கிளர்வு ஆற்றல் என்று பெயர் என்று வருகிற இடத்தில் எனக்குக் குரல் ஏறிவிடும். கையில் இருக்கிற சாக்பீஸ் உடையும்.

காரணத்தைப் பிள்ளைகளிடம் சொன்னதில்லை. இங்கே சொல்கிறேன்.

என் வீட்டுக்காரர் அப்போது நெய்வேலியில் காண்ட்ராக்ட் தொழிலாளி. சுரங்கத்திலிருந்து வருகிற கரியைக் குவித்து வைக்கிற யார்டு ஒன்றில் வேலை. அதை ஒரு காண்ட்ராக்ட் கம்பெனி பார்த்துக்கொண்டிருந்தது. இவர் வேலை என்னவென்றால், குவியலுக்குத் தண்ணீர் அடிப்பது, சூடு பார்ப்பது. லிக்னைட் என்கிற பழுப்புக் கரி மற்ற கரி மாதிரி இல்லை. வெட்டி எடுக்கும்போது ஏறக்குறைய பாதி தண்ணீராகத்தான் இருக்கும். வெயிலில் கிடந்து அது காயும். காயக் காயக் காற்று உள்ளே நுழையும், காற்றோடு சேர்ந்து கரி மெதுவாகச் சுடும். அந்தச் சூடு வெளியே போக வழி இல்லாமல் குவியலுக்குள்ளேயே கிடந்தால் ஏறிக்கொண்டே போகும். கடைசியில் தானாகப் பற்றிக்கொள்ளும். அதற்கு யாரும் போய்த் தீ வைக்க வேண்டியதில்லை. அதனால்தான் டோசர் வண்டியை மேலே ஏற்றி நெருக்கி மிதித்து வைப்பார்கள். இடுக்கு இல்லாவிட்டால் காற்றுக்கு உள்ளே என்ன வேலை?

இது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். கரியை அடுப்புக்குச் சாக்கில் கட்டிக்கொண்டு வருகிறவர்கள் கூட அதைக் கூரையோரம் வைக்க மாட்டார்கள். பொட்டலில் பரப்பித்தான் போடுவார்கள். குவித்து வைத்தால் புகையும் என்று சின்னப் பிள்ளை கூடச் சொல்லும்.

எங்கள் இரண்டு பேர் குடும்பத்துக்கும் சொந்தமாக ஒரு செண்ட் நிலம் கிடையாது. சுரங்கத்துக்கு நிலம் கொடுத்தவர்கள் நிலத்தைக் கொடுத்தோமே வேலை எங்கே என்று கேட்டார்கள். கேட்க அவர்களுக்கு ஒரு வார்த்தையாவது இருந்தது. அந்த நிலத்தில் நாற்று நட்டவர்கள், களை எடுத்தவர்கள் எதைச் சொல்லிக் கேட்பது? கம்மாபுரம் பக்கத்தில் இவருடைய அப்பா கூலிக்கு உழுத வயல் இன்றைக்குப் பெரிய பள்ளம். அந்தப் பள்ளத்திலிருந்து வந்த கரிக்குத்தான் இவர் தண்ணீர் அடித்தார். காண்ட்ராக்டில் நடுவில் அறுந்து போகாமல் வேலை பார்த்து வந்தால் ஒரு நாள் பர்மனெண்ட் ஆக்குவார்கள் என்பது நம்பிக்கை. நம்பிக்கை என்றால் சாமி கும்பிடுகிற மாதிரி. கல்யாணம் ஆகி வந்த நாளிலிருந்து என் காதில் விழுந்த ஆங்கில வார்த்தைகளில் அதுதான் அதிகம். "பர்மனெண்ட் ஆவட்டும், ஃபிரிட்ஜ் வாங்கலாம். பர்மனெண்ட் ஆவட்டும், குவார்ட்டர்ஸ்ல குடி போவலாம்." கோபம் வந்தால் நான், "பர்மனெண்ட் ஆகட்டும், நானும் ஒங்களோட பர்மனெண்டா இருக்கலாமான்னு அப்ப யோசிக்கறேன்" என்பேன். சிரிப்பார்.

இனி பீடிக்கு வருகிறேன்.

கல்யாணத்தின்போது அவர் பீடி குடிப்பார். எனக்கு அந்த வாடை ஆகாது. குமட்டும். முதல் வாரமே சொல்லிவிட்டேன், "பீடியா நானா, முடிவு பண்ணிக்கங்க" என்று. மனிதர் விட்டுவிட்டார். வீராப்பு பேசிக்கொண்டெல்லாம் விடவில்லை, சும்மா விட்டார். ஆனால் காதில் ஒரு பீடி சொருகிக்கொள்கிற பழக்கம் மட்டும் போகவில்லை. யார்டில் எல்லோருக்கும் அது உண்டு. உள்ளே போகும்போது கேட்டில் தீப்பெட்டி, லைட்டர் எல்லாவற்றையும் கொடுத்துவிட வேண்டும். பீடியை யாரும் கேட்க மாட்டார்கள், நெருப்பு இல்லாத பீடி என்ன செய்யும்? ஷிப்ட் முடிந்து வெளியே வந்ததும் டீக்கடையில் பற்ற வைக்க ஆளுக்கு ஒன்று காதில் இருக்கும். இவர் காதிலும் இருக்கும், பற்ற வைப்பது மட்டும் கிடையாது. வேர்வையில் அது நைந்து போனால் எறிந்துவிட்டு வேறொன்று வைத்துக்கொள்வார்.

"குடிக்காத பீடி எதுக்குங்க காதுல? கம்மலா?" என்று கேட்டேன்.

"எல்லாரும் வச்சிக்கினு இருக்காங்க டீச்சரே. நான் மட்டும் மொட்டக் காதோட நின்னா நல்லாவா இருக்கும்?"

"அப்போ மூக்குத்தியும் ஒண்ணு வாங்கித் தரேன், போட்டுக்கினு போங்க" என்றேன். இரண்டு நாள் அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

இந்தச் சிரிப்பையெல்லாம் இப்போது நினைத்தால் வயிறு எரிகிறது.

அந்த வருஷம் கோடை சரியான கோடை. டவுன்ஷிப்பில் அவ்வளவு மரம் இருந்தும் தார் ரோட்டில் செருப்பு ஒட்டியது. யார்டில் இருந்த டோசரை வேறெங்கோ அவசரம் என்று ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். கொண்டு போகச் சொன்னவர் யார்டு இன்சார்ஜ். காண்ட்ராக்ட் கம்பெனி ஆள், இன்ஜினியர், எந்த ஊரோ எனக்குத் தெரியாது. கரி வந்து கொட்டிக்கொண்டே இருந்தது, மிதிக்க வண்டி இல்லை. பொலபொலவென்று குவிந்து கிடந்தது. இவரும் கூட இருந்தவர்களும் போய்ச் சொன்னார்கள். "வரும் வரும்" என்றார். வரவில்லை. கரி நன்றாகக் காய்ந்த பிறகு, தூசி பறக்கிறது என்று மேலிருந்து யாரோ குறை சொன்னார்களாம். "மேலாப்புல லேசாத் தண்ணி காட்டுங்க, போதும்" என்றார் இன்சார்ஜ். லேசாகக் காட்டினார்கள்.

காய்ந்த கரி கொஞ்சமாகத் தண்ணீர் குடித்தால் என்ன ஆகும் தெரியுமா? சுடும். தண்ணீர் என்றால் குளிர்ச்சி என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். எலும்பாகக் காய்ந்த கரி தண்ணீரை இழுக்கும்போது சூட்டைத்தான் வெளியே விடும், சுண்ணாம்பு மாதிரி. ஊறும்படி அடித்தால் அணைக்கலாம். லேசாகக் காட்டினால் கொளுத்திவிடலாம். ஏற்கெனவே உள்ளே வெந்துகொண்டிருந்த குவியலுக்கு இது போதாதா?

ஒரு காலையில் குவியலின் ஒரு பக்கம் புகைந்தது. பிறகு தணல் தெரிந்தது. ஆள் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. எல்லோரும் சேர்ந்து அடித்து, வெட்டி, பரப்பி அணைத்தார்கள். இவர்தான் பைப்பைப் பிடித்துக்கொண்டு முன்னால் நின்றாராம். புருவம் கருகி வீட்டுக்கு வந்தார். ஆனால் கரி கொஞ்சமாகப் போகவில்லை. மேலே பதில் சொல்ல வேண்டியிருந்தது.

இன்சார்ஜின் ஜீப் வந்து நின்றது. கூட்டாளிகள் பின்னால் வந்து எனக்குச் சொன்னது இது. ஜீப்பைப் பார்த்ததும் பீடி குடிக்கிறவர்கள் எல்லோரும் காதில் இருந்ததை எடுத்துச் சட்டென்று கீழே போட்டு மிதித்துவிட்டார்கள். குடிக்கிறவனுக்குத்தானே பயம் வரும்? இவருக்கு அது காதில் இருப்பதே ஞாபகம் இல்லை. குடிப்பதை விட்டவருக்கு அது பீடியாகவே தெரியவில்லை போல. மூஞ்சியெல்லாம் கரி, கருகின புருவம், காதில் சுத்தமாக ஒரு பீடி. அப்படியே நின்றார்.

இன்சார்ஜ் அந்தக் காதைப் பார்த்தார். அவ்வளவுதான், பதில் கிடைத்துவிட்டது. டோசர் எங்கே என்று இனி யாரும் கேட்க மாட்டார்கள்.

"நான் குடிக்கறதே இல்ல சார்" என்று சொல்லியிருக்கிறார். "தீப்பெட்டி கேட்டுலயே வாங்கிக்கிறாங்களே சார்" என்றும் சொல்லியிருக்கிறார். யார் காதில் விழும்? பீடியால் தீ, ஆளை நிறுத்தியாச்சு என்று முடித்துவிட்டார்கள். கூட இருந்தவர்கள் வாயைத் திறக்கவில்லை. அவர்களை நான் திட்டாத திட்டு இல்லை. ஆனால் அவர்களுக்கும் பர்மனெண்ட் என்று ஒரு சாமி இருந்ததே.

தொழிற்சங்கத்தில் ஒருவரைப் போய்ப் பார்த்தோம். நல்ல மனிதர், மறைக்காமல் சொன்னார்: "சர்வீஸ் அறுந்தா புதுசா சேர்ற ஆளுக்கும் உங்களுக்கும் வித்தியாசம் இல்ல. அத்தனை வருஷமும் போச்சு. அந்த இன்சார்ஜ் வாயால, தீ தானா புடிச்சதுன்னு ஒரு வார்த்தை வந்தா போதும். நடுவுல அறுந்ததையும் ஒட்டிடலாம். அவரு சொல்லாம நாங்க என்ன பண்ணாலும் நிக்காது." ஒரே ஒரு வார்த்தை. அதைத் தூக்கிக்கொண்டுதான் அந்த வருஷம் முழுக்க நான் அலைந்தேன். இன்சார்ஜ் ஆபீஸ் வாசலில் இவர் பல நாள் நின்றார். உள்ளே விடவில்லை.

பிறகு பண்ருட்டிப் பக்கம் ஒரு முந்திரி வறுக்கிற இடத்தில் வேலைக்குப் போனார். முத்தாண்டிக்குப்பத்தில் எங்கள் வீட்டிலிருந்து பஸ் பிடித்துப் போவார். முந்திரித் தோட்டின் எண்ணெய் கையில் பட்டால் பொத்துவிடும். உள்ளங்கை கறுத்து, தோல் உரிந்து, சோற்றைப் பிசைய முடியாமல் ஸ்பூனில் சாப்பிட்டார். "ஆபீசரு மாதிரி ஸ்பூன்ல துன்றேன் பாத்தியா" என்றார். அதற்கும் அவரே சிரித்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆற்றலை ஆக்கவும் முடியாது அழிக்கவும் முடியாது என்று வகுப்பில் கத்திக்கொண்டிருந்தேன். இந்த மனிதன் வெயிலில் நின்று கொட்டின அத்தனை வருஷத்து உழைப்பு எங்கே போனது என்று எந்தப் புத்தகத்தைக் கேட்பது?

நான் வேலை பார்த்தது டவுன்ஷிப்பில் ஒரு தனியார் பள்ளியில். அங்கே எல்லா ஊர்ப் பிள்ளைகளும் படிப்பார்கள். அந்த வருஷம் அறிவியல் கண்காட்சிக்குப் பதினோராம் வகுப்பிலிருந்து ஒரு பெண் என்னிடம் வந்தாள். கெட்டிக்காரி. என்மேல் ஒட்டுதல் அதிகம். ஸ்டாஃப் ரூம் வரைக்கும் என் பையைத் தூக்கிக்கொண்டு வருவாள்.

"மிஸ், நான் லிக்னைட் வச்சு ஒரு மாடல் பண்றேன். குவியல் எப்படித் தானாத் தீப்பிடிக்குதுன்னு. எங்க அப்பாதான் ஐடியா குடுத்தார்."

"அப்பா என்ன பண்றாரு?"

சொன்னாள். எந்தக் கம்பெனி, எந்த யார்டுக்கு இன்சார்ஜ் என்று பெருமையோடு சொன்னாள். நான் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். அவள் என் முகத்தைக் கவனிக்கவில்லை, கையில் இருந்த படத்தைக் காட்டி விளக்கிக்கொண்டிருந்தாள். அப்பா தானே உட்கார்ந்து போட்டுக் கொடுத்த படமாம். டோசர் மிதித்த குவியல் ஒன்று, மிதிக்காத குவியல் ஒன்று, மிதிக்காமல் காயவிட்டு லேசாகத் தண்ணீர் தெளித்த குவியல் ஒன்று. அட பாவி, என்று எனக்குள் ஒரு சத்தம். ஒன்று விடாமல் தெரிந்துவைத்திருக்கிறாயே!

அதுவரைக்கும் எனக்குள் ஒரு சந்தேகம் இருந்தது. ஒருவேளை அந்த ஆளுக்குத் தெரியாதோ, படித்தது வேறு ஏதாவது துறையோ, பீடிதான் காரணம் என்று உண்மையாகவே நினைத்தாரோ என்று. அந்தச் சந்தேகத்தில் ஒரு நிம்மதியும் இருந்திருக்கிறது என்று அது போன பிறகுதான் தெரிந்தது.

"மிஸ், காஞ்ச லிக்னைட் கொஞ்சம் வேணும். அப்பாகிட்ட கேட்டா மறந்துடறார்."

"நான் கொண்டு வரேன்" என்றேன்.

வீட்டில் பொட்டலில் பரப்பிக் கிடந்த கரியைப் பையில் அள்ளினேன். வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டு நின்றார். யாருக்கு என்று கேட்டார். சொன்னேன்.

"அந்தப் பொண்ணு இன்னா பண்ணும் பாவம்" என்றார். "தூளா எடுக்காத, கட்டியாப் பாத்து எடு." அவரே குனிந்து அந்த உரிந்த கையால் பொறுக்கிப் போட்டார்.

கண்காட்சி அன்று பள்ளி மைதானத்தில் ஷாமியானா போட்டிருந்தார்கள். அவள் மேசையில் மூன்று கண்ணாடித் தொட்டி, மூன்றிலும் ஒரு தெர்மாமீட்டர். அப்பாக்காரர் லீவு போட்டுவிட்டு வந்து மகள் பக்கத்திலேயே நின்றார். அன்றைக்குத்தான் அவரை நேரில் பார்க்கிறேன். பூதம் மாதிரி இருப்பார் என்று நினைத்திருந்தேன். கண்ணாடி போட்ட, கொஞ்சம் கூன் விழுந்த, மகள் பேசும்போது தன் உதடும் சேர்ந்து அசைகிற ஒரு சாதாரண ஆள். அது எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. என்னை அவருக்குத் தெரியாது. "நல்லாச் சொல்லிக் குடுத்திருக்கீங்க மேடம்" என்று கும்பிட்டார்.

பரிசு கொடுக்க வந்தவர் ஓய்வு பெற்ற ஒரு பெரிய அதிகாரி. அந்தப் பெண் காய்ந்த கரியில் தண்ணீரைத் தெளித்தாள். பாதரசம் மெல்ல மேலே ஏறியது. கூட்டம் ஆ என்றது.

"அப்ப இதுக்கு யாரும் தீ வைக்க வேண்டாமா?" என்று கேட்டார் அதிகாரி.

"வேண்டாம் சார். டோசர் வச்சு மிதிக்காம விட்டுட்டு, அப்புறம் லேசாத் தண்ணி காட்டினா போதும். தானாவே பத்திக்கும்."

"யாரு சொன்னது?"

"எங்க அப்பா சார்."

அப்பா தலையைக் குனிந்து சிரித்தார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டியிருக்கலாம், பேசாமல் இருந்திருக்கலாம். எனக்கு அது வராது.

"நான் ஒரு கேள்வி கேக்கறேம்மா" என்றேன். "அந்தக் குவியல் பக்கத்துல நிக்கற ஆளு காதுல ஒரு பீடி இருக்கு. பத்த வைக்காத பீடி. அவர்கிட்ட தீப்பெட்டி இல்ல. அந்தப் பீடியால குவியல் பத்திக்குமா?"

அவள் சிரித்துவிட்டாள். "என்ன மிஸ் நீங்க! தீப்பெட்டி இல்லாம பீடியே பத்தாதே, அது எப்படிக் குவியலைப் பத்த வைக்கும்? கிளர்வு ஆற்றல் வேணும்ல மிஸ்?"

கூட்டமும் சிரித்தது. அதிகாரியும் சிரித்தார். அப்பாக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். நான் யார் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அந்தப் பெண்ணுக்கு முதல் பரிசு கொடுத்தார்கள்.

சைக்கிள் ஸ்டாண்டுப் பக்கம் அவரே என்னைத் தேடிக்கொண்டு வந்தார்.

"நீங்க அவரோட வீட்டம்மாவா மேடம்?"

"ஆமா."

"குழந்தை முன்னாடி இப்படிக் கேட்டிருக்க வேண்டாம்."

"குழந்தை சரியாத்தானே சார் பதில் சொன்னா. அதையே நீங்க ஆபீஸ்ல சொல்லுங்க. ஒரே ஒரு வார்த்தை. தீ தானாப் பிடிச்சதுன்னு. எங்களுக்கு வேற எதுவும் வேணாம்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது எக்ஸிபிஷன் மேடம். இது வேற. தானாப் பிடிச்சதுன்னு நான் சொன்னா டோசர் ஏன் இல்லன்னு கேப்பாங்க. எனக்கும் ஒரு பொண்ணு இருக்கா, பார்த்தீங்கல்ல."

"பார்த்தேன். எங்க வீட்டுக் கரியை வச்சுத்தான் பரிசு வாங்கினா."

அவருக்கு அது புரியவில்லை. பிறகு பெரிய மனசு பண்ணுகிறவர் மாதிரி ஒரு வழி சொன்னார். உங்கள் வீட்டுக்காரரைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன், புது ஆளாகத்தான், பழைய சர்வீஸ் வராது, ஆனால் வேலை நிச்சயம். அதற்கு ஒன்று மட்டும் செய்ய வேண்டும். யார்டில் எல்லோர் முன்னாலும் வந்து, பீடி குடித்தது தப்புதான், இனிமேல் குடிக்க மாட்டேன் என்று சொல்ல வேண்டும். அப்போதுதான் எடுத்துக்கொண்டதற்கு அவர் மேலே காரணம் காட்ட முடியுமாம்.

என் வாயிலிருந்து என்ன வந்தது என்று இங்கே எழுத முடியாது. பள்ளிக்கூடத்தில் ஒரு டீச்சர் பேசக்கூடாத பேச்சு. அவர் கேட்டுக்கொண்டு நின்றார். "யோசிச்சுச் சொல்லுங்க மேடம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். மகள் கேடயத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து ஸ்கூட்டரில் ஏறி எனக்குக் கை ஆட்டினாள். நானும் ஆட்டினேன்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் கொட்டினேன். "நாக்குல நரம்பில்லாம கேக்கறான் அந்த ஆளு! குடிக்காத பீடிய குடிச்சேன்னு சொல்லணுமாம்!" என்று கத்தினேன். இவர் கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"பொண்ணுக்குப் பரிசு கெடச்சிதா?"

"அது ஒண்ணுதான் கேடு. நான் என்ன சொல்லிக்கினு இருக்கேன், நீங்க என்ன கேக்கறீங்க?"

"கேட்டுக்கினுதான் இருக்கேன்." எண்ணெய்க் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார். "போய்ச் சொல்லிடலாம்னு பாக்கறேன்."

எனக்கு வந்த கோபத்தில் அந்தக் கிண்ணத்தை எட்டி உதைத்தேன். நான் சொன்னேன், முந்திரித் தோட்டில் கை வெந்தாலும் வேகட்டும், பொய் சொல்லாதீர்கள் என்று. என் சம்பளம் போதும் என்று. போதாது என்று இரண்டு பேருக்கும் தெரியும். அவர் சத்தமே போடவில்லை.

"எனக்குத் தெரியும், ஒனக்குத் தெரியும். அவனுக்கும் தெரியுதுன்னு நீயே சொல்ற. எல்லாருக்கும் தெரிஞ்சி இன்னா ஆயிடுச்சி? இந்தக் கைய வச்சிக்கினு இன்னும் எத்தினி நாளைக்கிப் பஸ்ஸு ஏறுவேன்? வுடு."

போனார். நான் கூடப் போகவில்லை. அந்த யார்டில் நின்ற ஒருவர் பிறகு என்னிடம் சொன்னார். காலை ஷிப்ட் ஆட்களை வரிசையாக நிறுத்தி வைத்திருந்தார்களாம். இவர் நடுவில் நின்று, "நான்தான் பீடி குடிச்சேன், தப்புதான்" என்று சொன்னாராம். அன்று இவரோடு சேர்ந்து தணலை வெட்டி அணைத்தவர்கள் ஒருத்தர்கூட நிமிர்ந்து பார்க்கவில்லையாம். புதிய டோசர் பின்னால் கர் கர் என்று கரியை மிதித்துக்கொண்டிருந்ததாம்.

அன்று சாயங்காலம் நான் பள்ளி முடிந்து முத்தாண்டிக்குப்பத்தில் பஸ்ஸிலிருந்து இறங்கினேன். ஸ்டாப் பக்கத்து டீக்கடை பெஞ்சில் இவர் உட்கார்ந்திருந்தார். காதில் பீடி இருந்தது. எனக்காகத்தான் காத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு பக்கத்தில் போனேன். என்னைப் பார்த்தார், எழுந்திருக்கவில்லை. கடைக்காரரிடம் தீப்பெட்டி கேட்டு வாங்கினார். காதில் இருந்ததை எடுத்து உதட்டில் வைத்தார்.

"ஏங்க..." என்றேன்.

தோல் உரிந்த விரலுக்குக் குச்சி பிடிபடவில்லை. முதல் குச்சி ஒடிந்தது. இரண்டாவதை உரசினார், பற்றியது. கொண்டுபோய்ப் பற்ற வைத்து, இழுத்து, பழக்கம் விட்டுப்போனதால் இருமினார். கண்ணில் தண்ணீர் வரும் வரைக்கும் இருமினார்.

"குடிச்சேன்னுதான் சொல்லியாச்சே" என்றார். "இனிமே எதுக்கு இத சும்மா காதுல வச்சிக்கினு?"